நாகதம்பிரானுக்குப் பிடித்த விரதம்

"இதென்ன தம்பி, கையோ, கழுவிப்போட்ட ஆட்டுக்குடலோ?"

தங்கம்மா தம்பியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். குகதாசனின் கை தடித்து மெத்தென்றிருந்தது. ரேகைகளெல்லாம் பள்ளமாய்க் கிடந்தன. கழுத்தும் கமக்கட்டும் கறுத்துப்போயிருந்தன.

"வயலுக்கு மருந்தடிக்கிற கை, அக்கா. பூப்போலையே இருக்கும்?"

"முரசுமோட்டை முழுக்க மருந்தடிக்கினம். ஆருக்கு இப்பிடி வந்தது? வரம்பிலை மண்வெட்டியாலை அடிச்சியே ஒரு நாகம், அதின்ரை தோல்தான் உனக்கு ஏறுது."

குசினிக்குள் நின்ற அவன் மனைவி இராசமலர் எட்டிப் பார்த்தாள். "மச்சாள், ஒருக்கா ஆசுபத்திரியிலை காட்டினால் என்ன?"

"காட்டு, களிம்பு தருவினம். பாம்புக்குக் களிம்பு பூசுவியே?"

குகதாசன் சிரித்தான். பிறகு அவனே முடிவும் சொன்னான்.

"நாகதம்பிரானுக்கு விரதம் பிடிக்கிறன். புளியங்குளத்திலை கோயில் பொங்கல் முடியுமட்டும் ஒருநேரம்தான் சாப்பாடு."

"அப்ப நானும் பிடிக்கிறன்," என்றாள் இராசமலர். "நீங்கள் பட்டினி கிடக்க நான் என்னெண்டு அள்ளித் தின்னுறது?"

"உனக்கேன் மலர்?"

"பாம்பு குடும்பத்தோடைதானே கோவிக்கும்."

அவனுடைய சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் இராசமலர், "விரதகாரர், மெலியாமல் என்ன?" என்றாள். அவளும் மெலிந்துதான் இருந்தாள்.

பொங்கல் நெருங்க முன்னமே அவன் காலில் மண்வெட்டி பட்டது. காயத்துக்கு ஏற்பூசி போடத்தான் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போனார்கள். காலைப் பார்த்த இளம் பெண் டொக்டர், கையைப் பிடித்தவள் விடவில்லை. கழுத்தைப் பார்த்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"சாப்பாடு எப்பிடி ஐயா?"

இராசமலர் முந்திக்கொண்டாள். "விரதம், டொக்டர். ஒருநேரம்."

"ஐயா சொல்லட்டும். விரதத்துக்கு முதல் எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

குகதாசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு வாய்க்கு மேலை இறங்காது. பிறகு சத்தி எடுப்பன்."

"நான் வயலுக்குக் கட்டித் தந்த சோறு?" என்றாள் இராசமலர்.

"நாய்க்குத்தான்."

"இந்தத் தோல் வேறை காரணத்தாலையும் வரும்," என்றாள் டொக்டர். "ஆனால் இவ்வளவு கெதியா வந்து, சாப்பாடும் இறங்காட்டில், வயித்துக்குள்ளை பார்க்கவேணும். வாயாலை கமரா விடுவம்."

கமரா விட்டார்கள். பிறகு ஸ்கான் எடுத்தார்கள். இரைப்பையில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது. முதலே வந்திருந்தால் வெட்டி எடுக்கலாமா என்றாவது பார்த்திருக்கலாம், இனி வலிக்கு மருந்துதான் என்றார் பெரிய டொக்டர்.

பஸ்ஸுக்குக் காத்து உட்கார்ந்திருந்த வாங்கில் இராசமலர் கேட்டாள். "ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"அப்பரும் இப்பிடித்தான் சோத்தைத் தள்ளி வைச்சவர். பிறகு மூண்டு மாதம் உயிரோடை கிடக்கேல்லை. அக்கா நாகமெண்டு சொல்லேக்கை, பாம்பாயே இருக்கட்டுமெண்டு நினைச்சிட்டன்."

"அப்ப நான் பட்டினி கிடந்தது?"

அவன் கையை மடித்துக்கொண்டான். தடிப்பில் விரல்கள் முழுக்க மடியவில்லை.

பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமை கிடந்தது. இராசமலர் எழும்பிப் போய் எதிர்க்கடையில் மீன் அடைத்த பணிஸ் ஒன்று வாங்கிவந்தாள்.

"என்ன மலர், மீனெல்லே!"

"ஓம், மீன்தான். தின்னுங்கோ. இறங்குமட்டும் தின்னுங்கோ."

அவன் ஒரு வாய் கடித்தான். நெடுநேரம் மென்றான். மிச்சத்தை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, பஸ் வருமுன் தின்று முடித்தாள்.