வெஸ்டர்காம்ப் வீட்டோடு மாப்பிள்ளை

டேல் ப்ரூயிட் பிப்ரவரியில் செத்துப்போனான். ஜூன் பிறந்தும் அவனுக்கு மண் கிடைக்கவில்லை. அவனுடைய சாம்பல் ஒரு கறுப்புப் பெட்டிக்குள், சமையலறையில் ஃபிரிட்ஜின் தலைமேல், கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. லியோனாவிடம் துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். வெளியே போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். நியூ ஹாகனில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? மிசௌரி ஆற்றங்கரையில் ஒரு தேவாலயம், ஒரு தீவனக் கடை, மூன்று பேரில் ஒருவருக்கு வெஸ்டர்காம்ப் என்று பெயர். அவ்வளவுதான் ஊர்.

மண் இல்லாமலா போயிற்று? லியோனாவின் பண்ணைக்குப் பின்னாலேயே மேட்டில் வெஸ்டர்காம்ப் குடும்பக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஓக் மரங்கள், இரும்பு வேலி, எல்லாம் பாங்காக இருக்கும். பாங்காக வைத்திருந்தவன் டேல். கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கே புல் வெட்டியது அவன், சாய்ந்த கல்லை நிமிர்த்தியது அவன், வேலிக்கு வர்ணம் அடித்ததும் அவன். அங்கே படுக்க மட்டும் அவனுக்கு உரிமை இல்லை.

அதைச் சொன்னவன் வெர்னன் வெஸ்டர்காம்ப், லியோனாவின் பெரியப்பா மகன், குடும்பச் சங்கத்தின் தலைவர். டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு விற்க ஒன்றும் இல்லாததால் வம்சப் பெருமையை எடுத்துக்கொண்டான். செயின்ட் லூயிஸ் மாலில் ஒரு கடையில் குடும்பச் சின்னம் வாங்கி வந்தான்: கோடரி பிடித்த சிங்கம். அந்தக் கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு சிங்கம் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை. சிங்கம் போட்ட சட்டை தைத்து எல்லோர் தலையிலும் கட்டினான்.

இறுதிச் சடங்கன்றே, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சைக் கடித்தபடிதான் வெர்னன் விஷயத்தை உடைத்தான்.

"பாரு லியோனா, எனக்கு மட்டும் ஆசையா? விதி அப்படி இருக்கு. தகப்பன் வழியில வெஸ்டர்காம்ப் ரத்தம் இருக்கணும், இல்லன்னா அந்த ரத்தத்துக்கு வாழ்க்கப்பட்டு வந்திருக்கணும். கட்டிக்கிட்டுப் போன பொண்ணுங்க, புருஷன் வீட்டாளுங்க எங்க கிடக்கறாங்களோ அங்க போய்க்கலாம்."

"நான் எங்கடா கட்டிக்கிட்டுப் போனேன்? பொறந்த வீட்லயே இருக்கேன். அவன்தான் வந்தான்."

"அதத்தான் சொல்றேன். வந்தவன் வந்தவன்தானே."

சொல்லிவிட்டு இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டான்.

வந்தவன் என்பது உண்மைதான். ஆர்கன்சா மலைப்பக்கத்திலிருந்து ஒரு ஓட்டை பிக்கப் வண்டியோடு வந்தான் டேல். லியோனா தகப்பனுக்கு ஒரே பெண்; பண்ணை அவளுக்கு வந்தது, டேல் அவளுக்கு வந்தான். ஊர் அவனை வெஸ்டர்காம்ப் வீட்டோடு மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. தீவனக் கடைக்காரர் கடைசிவரை அவனை "வெஸ்டர்காம்ப் டேல்" என்றுதான் அழைத்தார். ப்ரூயிட் என்று ஒரு பெயர் இருப்பது அவன் செத்த செய்தி பத்திரிகையில் வந்தபோதுதான் பாதிப்பேருக்குத் தெரிந்தது. டேல் எதற்கும் கோபப்பட மாட்டான். அவன் படாத கோபத்தையெல்லாம் சேர்த்து இப்போது லியோனா பட்டாள். பாத்திரங்கள் அடி வாங்கின. வாசலுக்கு வந்த தபால்காரர் காரணமே இல்லாமல் திட்டு வாங்கினார்.

அந்த வருஷ ஆகஸ்டில் குடும்பக் கூடல். ஜெர்மனியிலிருந்து முதலில் வந்து இறங்கிய கெர்ட் ஹைன்ரிஷ் வெஸ்டர்காம்ப்புக்கு வெண்கலப் பலகை வைப்பதாக வெர்னன் அறிவித்திருந்தான். ஒரே ஒரு சங்கடம். கெர்ட் எந்த ஊரில் பிறந்தான் என்று யாருக்கும் தெரியாது. வெர்னன் ஒரு நிபுணரைப் பிடித்தான். அவர் ஒரு வருஷம் தேடிவிட்டுக் கையை விரித்தார். ஜெர்மனியின் எந்தத் தேவாலயப் புத்தகத்திலும் அப்படியொரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை.

லியோனாவுக்குப் பொறி தட்டியது இங்கேதான்.

"ரத்தம் ரத்தம்ங்கறானே, அது எந்தக் குழாயிலேர்ந்து வந்துச்சுன்னு நானே பார்த்துடறேன்" என்று வெர்னனின் தங்கை ஆர்டித்திடம் போனில் கத்தினாள். ஆர்டித்தும் வெளியே கட்டிக்கொடுக்கப்பட்டவள்தான், அவளுக்கும் மேட்டில் இடம் கிடையாது. "பாரு, பாரு. எதாவது திருட்டுப்பய வந்தா எனக்கு மொதல்ல சொல்லு" என்றாள் ஆர்டித்.

மாவட்ட நூலகத்தில் பழைய தேவாலயப் பதிவுகள் எல்லாம் கணினியில் கிடைக்கும். கோழி கிளறியது போன்ற அந்தக்கால ஜெர்மன் கையெழுத்தை லியோனா எழுத்தெழுத்தாகப் பழகினாள். கோபம் நல்ல வாத்தியார். நிபுணர் கெர்டின் பிள்ளைகளையெல்லாம் பார்த்திருந்தார், அதாவது ஆண் பிள்ளைகளை. கப்பலில் கைக்குழந்தையாக வந்து முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போன மூத்த பெண்ணை யாரும் பார்க்கவில்லை. பெண், அதுவும் வம்சம் வைக்காமல் போனது, அதில் என்ன இருக்கப்போகிறது? இருந்தது. அந்தக் காலத்துப் பாதிரியார் அவளைப் புதைத்த குறிப்பில் அவள் பிறந்த ஊரை எழுதி வைத்திருந்தார். ஒஸ்னாப்ரூக் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம்.

அந்தக் கிராமத்தின் புத்தகங்களைத் திறந்தாள். கெர்ட் வெஸ்டர்காம்ப் அங்கேயும் பிறக்கவில்லை. ஆனால் அவன் மனைவி கெஸீனா பிறந்திருந்தாள், வெஸ்டர்காம்ப் என்ற பெயரோடு. லியோனா முதலில் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு கல்யாணப் பதிவு கிடைத்தது. பெண், கெஸீனா வெஸ்டர்காம்ப், பண்ணைக்கு வாரிசு. மாப்பிள்ளை, கெர்ட் ஹைன்ரிஷ் நோல்டே, கூலிக்காரன் மகன். அடுத்த வருஷம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதே ஆள் கெர்ட் ஹைன்ரிஷ் வெஸ்டர்காம்ப் ஆகியிருந்தான்.

அந்த ஊர்த் தேவாலய அலுவலகத்துக்கே போன் போட்டாள். எடுத்த அம்மாள் நல்ல ஆங்கிலத்தில் சிரித்தாள். "இதுல அதிசயமே இல்லைங்க. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் பேரு ஆளுக்கு இல்ல, பண்ணைக்கு. கட்டிக்கிட்டுப் பண்ணைக்கு எவன் வந்தாலும் அந்தப் பேரை எடுத்துக்கணும். அப்புறம் கடன்ல பண்ணை போயிருக்கும், கப்பல் ஏறியிருப்பாங்க. உங்க அமெரிக்காக்காரங்க எல்லாரும் இதுலதான் முட்டிக்கறாங்க. ஆம்பளை பேரையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வருவாங்க."

போனை வைத்துவிட்டு லியோனா மேஜையில் அடித்த அடியில் நூலகத்துக்காரி எழுந்து வந்தாள். சந்தோஷத்தில் அடித்த அடி இல்லை அது. கெர்ட் என்ன செய்தான்? பெண்டாட்டி வீட்டுக்கு வந்தான், அவள் நிலத்தை உழுதான், அவள் பெயரால் அழைக்கப்பட்டான். டேலும் அதைத்தான் செய்தான். ஒருத்தனுக்கு வெண்கலப் பலகை. இன்னொருத்தனுக்கு ஃபிரிட்ஜ்.

ஜூலையில் கூடலுக்கான கூட்டம், அதே தேவாலயக் கீழ்த்தளத்தில். பதினைந்து இருபது பேர், காபி, உருளைக்கிழங்கு சாலட். வெர்னன் சிங்கச் சட்டையில் பளபளவென்று நின்றான். லியோனா முன்னால் போய், கண்டுபிடித்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. பயம் என்று நினைத்தவர்கள் அவளை அறியாதவர்கள்.

ஆர்வில் சித்தப்பாதான் காதுக் கருவியைத் திருகிக்கொண்டு கேட்டார். "அப்ப நாம யாரு?"

"தகப்பன் வழியில பார்த்தா நோல்டே, சித்தப்பா."

"நோல்டேக்கும் அந்தக் கடையில சிங்கம் இருக்குமா? ஏன்னா இந்தச் சட்டைய நான் ரெண்டு வாங்கிட்டேன்."

ஆர்டித் காபியைத் துப்பிவிட்டாள். வெர்னனின் காது சிவந்தது. "கம்ப்யூட்டர்ல யார் வேணா எத வேணா ஏத்தலாம்" என்றான்.

"இது பாதிரியார் கையெழுத்துடா."

"சரி, இருக்கட்டுமே! அவர் அந்தப் பேரை எடுத்துக்கிட்டார் இல்ல? சட்டப்படி எடுத்துக்கிட்டார். அப்ப அவர் வெஸ்டர்காம்ப்தான். பேருதான் கணக்கு."

"பிப்ரவரியில ரத்தம் கணக்குன்ன. இப்ப பேரா? அடுத்த மாசம் என்ன, செருப்பு சைசா?"

"லியோனா, சபையில மரியாதையா பேசு."

"மரியாதையா! உன் விதிப்படி வெஸ்டர்காம்ப் ரத்தம் நமக்கு வந்தது ஒரு பொம்பளை வழியா. அந்தப் பொம்பளை கல்லுல பேராவது இருக்கா? 'அவர் மனைவி'ன்னு செதுக்கி வச்சிருக்கீங்க. எவர் மனைவிடா? அவ பேரைத்தான் அவரு போட்டுக்கிட்டுத் திரிஞ்சார்!"

வெர்னன் அவளைப் படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான். டிராக்டர் விற்ற காலத்துக் குரல் வந்துவிட்டது அவனுக்கு, தேன் தடவிய குரல்.

"இதோ பாரு. டேலுக்கு இடம் வேணும், அவ்வளவுதானே? வேலியோரமா, பின்பக்கம், நான் பண்ணித் தர்றேன். விதிவிலக்குன்னு முடிச்சுடலாம். ஆனா பலகை வார்க்கக் குடுத்தாச்சு. நூறு பேரு வெளியூர்லேர்ந்து வர்றாங்க. இந்த நோல்டே கதைய நீ அங்க எடுக்கக் கூடாது. நமக்குள்ளயே இருக்கட்டும்."

லியோனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியதும் உண்மை. டேல் என்றால் தலையாட்டியிருப்பான். வேலியோரம் போதுமே என்றிருப்பான், அவன் வர்ணம் அடித்த வேலிதானே என்றிருப்பான். அதை நினைத்ததும்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உயிரோட இருந்தப்ப அவனைப் பின்பக்கமே நிக்க வச்சீங்க. செத்தும் பின்பக்கமா? போடா."

சபைக்குத் திரும்பி, டேலுக்கு மேட்டில் இடம் உண்டா என்று ஓட்டெடுக்கச் சொன்னாள். வெர்னன் தொண்டையைச் செருமி, இவ்வளவு பெரிய விஷயத்தை அவசரத்தில் முடிவு செய்ய வேண்டாம், அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாம் என்றான். எல்லோரும் சாலட் இருந்த மேஜையைப் பார்த்தார்கள். கைகள் எழுந்தன. அநியாயம் என்று தெரிந்தே எழுந்த கைகள், கண்ணைப் பார்க்காத கைகள். லியோனாவும் ஆர்டித்தும் மட்டும் கையைத் தூக்கவில்லை. ஆர்வில் சித்தப்பா தூக்கினார். எதற்கென்று அவருக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் காலை, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், லியோனா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். வேலிக்கம்பத்துக்குக் குழி பறிக்க டேல் வைத்திருந்த இரட்டைப் பிடி மண்வெட்டி மறுகையில். வேலியோரம் போகவில்லை. நேராகக் கெஸீனாவின் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று குத்தினாள். ஜூலை வெயிலில் மண் கல்லாக இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பெயரைச் சொல்லித் திட்டினாள். ஊரில் நிறையப் பெயர்கள் இருந்ததால் குழி நன்றாகவே ஆழமானது.

மேட்டில் ஆள் தெரிந்தால் நியூ ஹாகனில் பத்து நிமிஷத்தில் செய்தி போய்விடும். வெர்னனின் வண்டி புழுதி பறக்க வந்து வேலிக்கு வெளியே நின்றது. கூட்டத்துக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்த ஆர்டித்தும் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினாள், இரவு உடையோடு.

"நிறுத்து லியோனா! ஓட்டுப் போட்டாச்சு! இது சங்கத்து நிலம். ஷெரிஃபைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. வந்து யாரைத் தோண்டி எடுக்கணும்னு கேப்பாரு. பொண்டாட்டி வீட்டுக்கு வந்தவனெல்லாம் வெளியன்னா மொதல்ல கெர்டை எடுக்கச் சொல்லு. அப்புறம் அந்த நோல்டே பெத்ததுங்க வரிசையா வரலாம். உங்கப்பனும் இங்கதான் இருக்காரு."

வெர்னன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எண்ணை அழுத்தவில்லை. ஷெரிஃப் வந்தால் கதை கோர்ட்டு ஏறும், பத்திரிகையில் வரும், நூறு வெளியூர்க்காரர்களும் நோல்டே என்று படிப்பார்கள். அந்தக் கணக்கு அவன் முகத்தில் ஓடுவது அங்கிருந்தே தெரிந்தது.

லியோனா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பையை இறக்கினாள். மண்ணைத் தள்ளி மூடினாள். பூட்ஸ் காலால் மிதித்தாள், தேவைக்கு மேலேயே மிதித்தாள். ஆர்டித் வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்று தானும் மிதித்தாள், வீட்டுச் செருப்போடு.

"கோபத்துல பண்ற" என்றான் வெர்னன். "நாளைக்கு வருத்தப்படுவ."

"நாளைக்கும் கோபமாத்தான் இருப்பேன். கூடல்ல வந்து பேசுவேன். நூறு பேருக்கும் கேக்கற மாதிரி."

வெர்னன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். எந்தச் சாவுக்கும் அவன்தான் முன்னால் நின்று ஜெபம் சொல்வான், அந்தப் பழக்கம்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. ஒரு ஜெபமாவது சொல்லிட்டுப் போறேன்" என்று வேலிக் கதவின் கொக்கியில் கை வைத்தான்.

"சொல்லு" என்றாள் லியோனா. "ஆனா அங்கேயே நின்னு சொல்லு."

அவன் ஆர்டித்தைப் பார்த்தான். ஆர்டித் எட்டிப்போய் உள்பக்கமாகக் கொக்கியைப் போட்டாள். வேறு வழியில்லாமல் வெர்னன் ரோட்டிலேயே நின்று, கண்ணை மூடி, முழு ஜெபத்தையும் சொன்னான். டேல் ப்ரூயிட் என்று பெயரையும் சொன்னான். லியோனா ஆமென் சொல்லவில்லை.