மலையைப் பார்த்த சன்னல்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன எட்டு வருஷத்தில் ரோகினி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்த ஊரான நல்லதண்ணியில் அவள் காசில் கட்டும் அறைக்குச் சன்னல் மலையைப் பார்த்து இருக்க வேண்டும். குவைத்தில் அவளுக்குப் படுக்கக் கொடுத்தது சமையலறையை ஒட்டிய சாமான் அறை. அதற்குச் சன்னலே கிடையாது.

பாதைப் பக்கம் வைத்தால் வேலை சுருக்கமாக முடியும் என்றான் மேசன். வீரம்மா விடுவாளா? "வெயில்ல வேகுறவ எம் மக. அவ சொன்ன பக்கந்தான் சன்னல்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அறை எழும்பியது. தரைக்கு டைல்ஸ் போட்டு, கட்டில் வாங்கிப் போட்டு, பூட்டி வைத்தாள். அவள் மட்டும் பழையபடி அடுப்படியில் படுத்துக்கொண்டாள்.

2008இல் மலைக்குச் சாமி பார்க்க வரும் கூட்டம் ஓய்ந்து மழை பிடித்த நேரம், த்ரீவீல் ஓட்டுகிற மூக்கன் ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டி வந்தான். ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து, எங்கேயோ இருக்கும் கம்பெனிக்கு லெப்டொப்பில் வேலை பார்க்கிறவனாம்.

"அவரு நாட்டுல வாடகை கட்டியே ஆண்டியாயிருவாராம் அக்கா. இங்கன்னா ராசாவாட்டம் இருக்கலாமாம். வீடு மட்டும் சத்தமில்லாம இருக்கணுமாம். வேற யாரும் இருக்காங்களான்னு கேக்குறாரு."

"யாருமில்லன்னு சொல்லு" என்றாள் வீரம்மா.

அரைக் காற்சட்டையும் ரப்பர் செருப்புமாகத் திரிந்தவனை அவள் தொரை என்றுதான் கூப்பிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த வாய்க்கு வெள்ளைத் தோலைக் கண்டால் வேறு என்னதான் வரும்? நல்லவன்தான். ரோகினி அறைச் சன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பான், மாதம் பிறந்தால் வாடகை கைக்கு வந்துவிடும். வீரம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த வாடகை நின்றுவிடாமல் வந்தால், லீவுக்கு வரும் ரோகினி திரும்பிப் போகவே வேண்டாம். வரட்டும், நேரில் சொல்லலாம் என்று போனில் வாயைத் திறக்கவில்லை.

ரோகினி வந்தாள். ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியோடு நேரே அந்த அறைக்குத்தான் போனாள். வாசலில் ஆம்பிளைச் செருப்பு கிடந்தது.

"வாடகைக்கு விட்டிருக்கேன்டி. இது வந்தா நீ அங்க போக வேணாம்ல" என்று வீரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு எங்கூட அடுப்படியில படுத்துக்க."

ரோகினி பூட்டாத அந்தக் கதவைப் பார்த்தாள். "நல்லதுதானேம்மா. நான் இனி போகல" என்று சிரித்தாள். பெற்றவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வீரம்மா அடுப்பை மூட்ட, ரோகினி தேத்தண்ணி ஊற்றினாள். தொரை அடுப்படி வாசலுக்கு வந்து நின்றான். ரோகினியை விரலால் காட்டி, முகத்தைச் சுருக்கி, யார் என்று கேட்டான்.

மகள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் யாருமில்லை என்றல்லவா சொல்லி வைத்திருந்தாள். மகள் என்றால் இவன் பெட்டியைத் தூக்கிவிடுவான், வாடகை போய்விடும், அவள் மறுபடி குவைத்துக்குப் போவாள். அந்தப் பயத்தில் பாவி மனுஷி வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

"சேர்வன்ட், சேர்."

எட்டு வருஷம் அதே பேரில் இருந்தவளுக்கு அது விளங்காதா? ரோகினி தலை நிமிரவில்லை. கோப்பையைத் தட்டில் வைத்தாள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "குட் மார்னிங், சேர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அது வீரம்மா இதுவரை கேட்டிராத குரல்.

"வாய் தவறி வந்துருச்சுடி. நீ இங்கயே இருக்கணும்னுதான்..."

"விடுங்கம்மா. எனக்குப் பழகிப்போச்சு. அங்கன்னா சம்பளமாச்சும் குடுப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் வீரம்மா காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பாள். அவள் சும்மா சொன்னாள். மாதம் முடியுமுன் ஹட்டனுக்குப் போய் ஏஜன்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீரம்மா பெட்டியைப் பஸ்ஸுக்குள் தூக்கிக் கொடுத்தாள்.

அவள் போன கொஞ்ச நாளில் தொரையும் பெட்டியைக் கட்டினான். வேறொரு நாட்டில் இதைவிட மலிவாம், மூக்கன்தான் சொன்னான். போகும்போது வீரம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டு, எதையோ சொல்லிச் சிரித்தான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை ரோகினி குவைத்திலிருந்து போன் எடுத்தாள். வீரம்மா அந்த அறைக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டு மலை தெளிவாகத் தெரிந்தது.

"தொரை இருக்காராம்மா?"

இல்லை என்றால், அறை சும்மா கிடக்கத் தான் போனதே வீண் என்று அந்தச் சாமான் அறைக்குள் கிடந்து அழுவாள்.

"இருக்காருடி."

"அப்ப ரூம சுத்தமா வச்சிருங்க. அவருக்கு ஒரு குறையும் வைக்காதீங்க."

"சரிடி" என்றாள் வீரம்மா. போனை வைத்துவிட்டு எழுந்து சன்னலைச் சாத்தினாள்.