விளக்கெண்ணெய் மேல் விழுந்த பழி

நீல நிறக் காரின் பானெட்டில் மறுபடியும் குழி விழுந்திருந்தது. பெயிண்ட் அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி, அடியிலிருந்து முதல் பூச்சான பிரைமர் பல்லை இளித்தது. பெயின்டர் முகமூடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றான். இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி.

பெயிண்ட் அறைக்கு ஜென்மப் பகை எண்ணெய்ப் பசை. ஒரு துளி பட்டால் போதும், அந்த இடத்தில் ஒட்டவே மாட்டேன் என்று பெயிண்ட் ஒதுங்கிக்கொள்ளும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பெயின்டர் மூன்று மாதமாகத் தலைக்கு எண்ணெய் வைக்கிறான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் தனியாக விசாரணை எதற்கு? தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"உன் தலைதான்யா. வேற யாரு இங்க எண்ணெய் வைக்கிறா?" என்றார் முதலாளி.

"ரெண்டாவது வண்டியிலயே நிறுத்திட்டேன் சார். பத்து நாளாச்சு. தினமும் ஷாம்பு போட்டுக் குளிக்கிறேன்."

"மூணு மாசம் ஊறின தலை பத்து நாள்ல காயுமா? திங்கக்கிழமை டாக்டரம்மா வண்டி வருது. அதுல ஒரு குழி விழட்டும், நீ பாலிஷ் பக்கம் போயிடு. வேற ஆள் பேசி வச்சிருக்கேன்."

பதினாறு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்த கை அது. பாலிஷ் பக்கம் போவதென்றால், இன்னொருவன் அடித்த பெயிண்டை நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டு நிற்பது.

எண்ணெய் ஒன்றும் ஆசைக்கு வைத்ததல்ல. போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது சும்மா போகாமல் பாதி முடியையும் கூட்டிக்கொண்டு போனது. ஷாம்பு மாற்றினான், தண்ணீர் மாற்றினான், சீப்பைக்கூட மாற்றிப் பார்த்தான். கடைசியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவிதான் விஷயத்தைக் கையில் எடுத்தாள். இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு கரண்டி விளக்கெண்ணெய். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, விரலில் தொட்டால் இதமாக இருக்கும் வரை சூடு. புதனும் சனியும் சாயங்காலம் அவள் நாற்காலியில் உட்காருவாள், அவன் கீழே உட்காருவான். நகம் படாமல், விரல் நுனியால் மட்டும் தேய்ப்பாள். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு தடவை அலசச் சொல்வாள்.

பொய் சொல்லக் கூடாது, தலையில் காடு ஒன்றும் முளைத்துவிடவில்லை. ஆனால் அரிப்பு போயிற்று, உடைந்து உதிர்வது குறைந்தது, இருக்கிற முடி சொன்ன பேச்சைக் கேட்டது. அதைவிடப் பெரிய லாபம் அந்த ஒரு மணி நேரம். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசியதில்லை.

சனிக்கிழமை அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்குப் பட்டறை லீவுதானே? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஏன்?"

"தலை நிறைய எண்ணெய் வைக்கிறேன். நேரா போய் அடிச்சுப் பாருங்க. சந்தேகப்பட்டுத் தினமும் சாவுறதுக்கு ஒரேயடியா தெரிஞ்சுக்கலாம்."

"குழி விழுந்துட்டா?"

"விழுந்தா நான் வாயே திறக்க மாட்டேன். எண்ணெய்ப் பாட்டிலைக் குப்பையில போட்டுடுவோம்."

வாயே திறக்க மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நெற்றியில் வழியும் அளவுக்கு எண்ணெயோடு, அதற்கு மேல் துண்டு கட்டிக்கொண்டு போனான். அவளும் கூடவே போனாள். கழித்துப்போட்ட பழைய கார்க் கதவு ஒன்றைத் தேய்த்து, துடைத்து, மாட்டினான். வழக்கம் போலத் தலையை மூடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு கன்னைப் பிடித்தான். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு குழி இல்லை. கறுப்புக் கதவில் அறை விளக்குகள் கோணாமல் நேராகத் தெரிந்தன. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உள்ளே வரச் சொல்லி அவளுக்குக் கை காட்டினான்.

"அப்ப என் தலை இல்ல," என்றான். உடனே முகம் வாடியது. "அப்ப எது? அதே கன், அதே கம்ப்ரசர், அதே பெயிண்ட்."

"இன்னைக்கு இங்க இல்லாதது ஏதோ ஒண்ணு நாளைக்கு வரும். கண்ணைத் திறந்து வச்சுக்குங்க," என்றாள் அவள்.

திங்கட்கிழமை அவன் கண்ணை மூடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் கறுப்புக் கார் அறைக்குள் வந்தது. கலர் கலக்கும் அக்கா கையுறை போட்டபடி பெயிண்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் வண்டியைக் கடைசித் தடவையாகத் துடைத்து முடித்தான். கன்னை எடுக்கும் நேரத்தில் முதலாளி வந்தார். வருவது வழக்கம்தான், அவர் தடவிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் பெயிண்ட் ஏறியதில்லை. அந்தக் கை முதலில் தலைக்குப் போய் வகிட்டைச் சரி செய்தது. பிறகு பானெட்டுக்கு வந்து மெதுவாகத் தடவியது. பல வருடமாகப் பார்த்த காட்சி என்பதால் யாரும் பார்க்காத காட்சி அது.

பெயின்டருக்குப் பொறி தட்டியது. சொல்லித் தப்பாகப் போனால் பாலிஷ் பக்கம்கூடக் கிடைக்காது. கலர் அடித்துப் பார்க்கும் தகடு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சார், இந்தச் சோதனைத் தகட்டுலயும் ஒரு தடவை நல்லா கை வையுங்க."

"எதுக்கு?"

"ராசியான கை சார். சும்மா வையுங்க."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை இன்னொரு தடவை கோதிக்கொண்டு, தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். பெயின்டர் அதன் மேல் ஒரு பூச்சு அடித்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். பெயிண்ட் மெல்ல விலகியது. முதலில் உள்ளங்கை, பிறகு விரல்கள்.

"அடக் கடவுளே, அஞ்சு விரலையும் எண்ணலாம் போலிருக்கே!" என்றாள் கலர் அக்கா.

"நான் எண்ணெயைத் தொடுறதே இல்லையே," என்றார் முதலாளி. குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"எண்ணெய் இல்ல சார். தலைக்கு வேற என்ன போடுறீங்க?"

அவர் கண் ஆபீஸ் அறைப் பக்கம் போயிற்று. அக்கா அவரைக் கேட்காமலே ஆபீஸ் அறைக்குப் போய், மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்ப்ரே பாட்டிலோடு வந்தாள். பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியிலேயே சிலிக்கோன் இருந்தது, எண்ணெயைவிடப் பெயிண்டுக்கு ஆகாத வழவழப்பு அது. சிலிக்கோன் கலந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதலாளியே எழுதி ஒட்டிய தாள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை யாரும் சுட்டிக் காட்டவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர்கள்.

"ஒரு மாசமாத்தான்யா," என்றார் முதலாளி. "முடி அடர்த்தியா தெரியும்னு கடையில சொன்னான். உச்சியில காலியாயிட்டே வருது. வீட்ல சிரிக்கிறாங்க." கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார். "உன் மேல பழியைப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே." பிறகு, போகச் சொல்லாமலே அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பெயின்டர் பானெட்டை இரண்டு தடவை கழுவித் துடைத்தான். கன்னைப் பிடித்ததும் கை தானாகப் பழைய வேகத்துக்கு வந்தது. அடித்து முடித்து, நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கறுப்பு அப்படியே விரிந்து அடங்கியது. வண்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தான். கண்ணாடிக்கு வெளியே முதலாளி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவன் வெளியே வந்து ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மனைவிக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க, என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஒரு குழி இல்ல. என் வேலை என்கிட்டயே இருக்கு." மூக்கை உறிஞ்சினான்.

"அழுறீங்களா?"

"இல்ல."

மருந்துக்கடையில் யாரோ அவளிடம் ஏதோ கேட்பது போனில் கேட்டது. கொஞ்சம் இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அவள் இவன் பக்கம் திரும்பினாள்.

"பரவாயில்ல, அழுங்க. நான் லைன்லயே இருக்கேன்."