படலை இருந்தபடியே விடவும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு திட்டோடு சேர்ந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டெக்சஸின் வடக்கு மூலையில் மாட்டு வைத்தியம் பார்த்துப் பிழைப்பவன் நான். வந்த புதிதில் வேட் ஹோல்காம் என்கிற பண்ணைக்காரரின் வண்டியில் ஒரு சினைமாட்டைப் பார்க்கப் போனேன். வழியில் வேலிப் படல் ஒன்று திறந்து கிடந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும் நான் இறங்கி, நல்ல பிள்ளையாக அதைச் சாத்தப் போனேன். வேட் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

"யோவ் டாக்டர்! கை சும்மா இருக்காதா உனக்கு? திறந்திருந்தா திறந்தே விடு. சாத்தியிருந்தா சாத்திட்டு வா. அவ்வளவுதான்யா சட்டம்."

நான் திரும்பி வந்து ஏறிய பிறகும் முனகல் நிற்கவில்லை. "இதுக்காக ஒருத்தன் ஜெயிலுக்கே போகப் பார்த்தான், அந்தக் காலத்துல."

"யாரு? எப்போ?"

"எனக்கென்ன தெரியும், நானா கூட இருந்தேன்?" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

என் கையிருப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. ஏன் கட்டினேன் என்றால், இந்த ஊருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல விடமாட்டேன் என்கிறார்கள். என் முதல் குளிர்காலத்தில் பனி விழுந்த நாளெல்லாம் நான் எழுந்திருக்கும் முன்பே யாரோ என் வாசல் பனியை வழித்துத் தள்ளியிருந்தார்கள். யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று பேச்சை மாற்றினார்கள். இன்றுவரை தெரியாது. அதனால் என் நன்றியை அவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிவைக்கிறேன். கூச்சப்பட முடியாது பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "1886-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு துப்பாக்கி வெடித்தது. அந்தச் சத்தத்தில் குதிரைகள்—"

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் துப்பாக்கியே வெடிக்காது. ஆரம்பத்திலேயே உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "வண்டியைப் பூட்டியபோது ஓர்பா லெட்பெட்டருக்குத் தெரியாது, அன்றைய தினம் தன்—"

(அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று மார்தட்டுகிற வாக்கியம். வேண்டாம்.)

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருடம் மழை இல்லை. ஆறு முழுவதும் ஒரு மாட்டுப்பண்ணைக் கம்பெனியின் வேலிக்கு உள்ளே இருந்தது. குடியேறிய சில குடும்பங்களும் அவர்களுடைய மாடுகளும் வேலிக்கு வெளியே இருந்தன. நடுவில் முள்கம்பி. அதை வெட்டினால் சிறை என்று இரண்டு வருடம் முன்புதான் சட்டம் வந்திருந்தது.

வேலியில் ஒரே ஒரு படல். கம்பெனியின் மேஸ்திரி ஹார்லன் டீக் காலையில் அந்தப் பக்கமாகக் குதிரையில் வருவான். படலைத் திறந்து ஓரமாகப் போடுவான். போய்விடுவான். பொழுது சாயும்போது வந்து சாத்துவான். வெளிப்பக்கத்து மாடுகள் பகலில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். இதற்கு அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரும் அவனிடம் கேட்டதில்லை. மேனேஜருக்குத் தெரிந்தால் அவனுக்கு வேலை போகும், படலுக்குப் பூட்டு வரும். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் அது.

(படல் என்ற சொல்லுக்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் "கதவு" என்று எழுதினேன். நிலைவாசல் கண்முன் வந்து நின்றது. "கேட்" என்றேன், கூர்க்கா வந்துவிட்டார். அங்கே இருந்ததோ நாலு இழை கம்பியும் மூன்று குச்சியும். இழுத்து ஓரமாகப் போடலாம், இழுத்து வந்து கம்பத்தில் மாட்டலாம். அதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கும்போது நான் ஏன் தெருத்தெருவாக அலைந்தேன் என்று தெரியவில்லை.)

3

ஓர்பா மேல்தான் எனக்குச் சந்தேகம். இப்படி ஒருத்தி இருப்பாளா?

ஒஹையோவிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. கணவன் ரயில் பாதை வேலைக்குப் போயிருந்தான். அவள் குவேக்கர் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். பொய் சொல்லமாட்டாள், சத்தியமும் செய்யமாட்டாள். சொல்வதே உண்மையாக இருக்கும்போது சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. யாரையும் பட்டம் சொல்லி அழைப்பதில்லை, முழுப் பெயர்தான். ராஜாவே வந்தாலும் "நீ"தான். இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்னவெல்லாமோ பாடுபட வேண்டும். எனக்கு ஒரே எழுத்தில் வேலை முடிந்துவிட்டது. தமிழுக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

ஒஹையோவில் மரியாதை தெரிந்தவர்கள் கடந்து போகும் படலைச் சாத்திவிட்டுப் போவார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஒரு நாள் முற்பகலில் வேலிக்குள் இருந்த கம்பெனிக் கடைக்குப் போக ஓர்பா வண்டியில் அந்தப் பக்கம் வந்தாள். படல் திறந்து கிடந்தது. பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வண்டியை உள்ளே விட்டு, இறங்கி, படலைச் சாத்தினாள். வளையம் தொளதொளவென்று இருந்ததால், துணி காயப்போட என்று வண்டியில் வைத்திருந்த வழவழப்பான கம்பியில் ஒரு துண்டு எடுத்து இறுக்கி முறுக்கிக் கட்டினாள். ஓர்பா கட்டினால் அவிழாது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ச் சேர்ந்தாள்.

4

மதியம் மாடுகள் வேலியில் வந்து மோதிக்கொண்டு நின்றன. தண்ணீர் வாடை தெரிகிறது, போக வழியில்லை. ஒரு கிடாரி முள்ளில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. (மாட்டு வைத்தியனாக இந்த இடத்தை என்னால் நீட்டி எழுத முடியும். நீட்டவில்லை.)

டாப்னி ப்ருயிட் என்கிற குடியானவன்தான் முதலில் பார்த்தான். கையால் அவிழ்க்கப் பார்த்து விரல் கிழிந்தது. சேணப்பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. வெட்டினான். மாடுகள் அவனைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஓடின. அந்த நேரம் பார்த்து வேலியைச் சுற்றி வந்த கம்பெனி ஆள் ஒருவன், கையில் பிளேயரோடும் காலடியில் வெட்டிய கம்பியோடும் அவன் நிற்பதைப் பார்த்தான். விஷயம் மேனேஜர் கின்னேர்டுக்குப் போயிற்று, அங்கிருந்து ஷெரிஃப் கல்லன் மூடிக்குப் போயிற்று.*

*ஷெரிஃபின் பெயர் மூடி. திறப்பதும் சாத்துவதுமான கதைக்கு நான் வேண்டுமென்றே வைத்ததாக நினைப்பீர்கள். இங்கே அது சாதாரணப் பெயர். மாற்றிப் பார்த்தேன், எதுவும் அவருடைய மீசைக்கு ஒட்டவில்லை.

ஷெரிஃப் வந்து கம்பித் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இத பாரு டாப்னி, ஜெயிலு இன்னும் கட்டி முடியலை. கூரை போடலை. உன் வீட்லயே இரு. நாளைக்கு மத்தியானம் படலுகிட்ட வா. ஓடிகீடிப் போயிடாதே."

"ஓடுறதுக்குக் குதிரை எங்க இருக்கு? அதுவும் தண்ணி குடிக்கப் போயிருக்கு" என்றான் டாப்னி.

செய்தி கேட்டு ஓர்பா அவன் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

"டாப்னி ப்ருயிட், அந்தக் கம்பியைக் கட்டினது நான். அது என் கம்பி. போய் கல்லன் மூடிகிட்ட சொல்றேன்."

"அம்மா தாயே, வாயைத் திறக்காதே."

"ஏன்?"

"ஏன் கட்டினேன்னு கேப்பாங்க. திறந்து கிடந்துச்சு, அதான்னு சொல்லுவே. யார் திறந்து போட்டான்னு அடுத்த கேள்வி வரும். டீக் போவான். அவன்கூடவே தண்ணியும் போகும். இங்க இருக்கிற ஒரு மாடு பிழைக்காது."

"நான் சும்மா இருந்தா நீ உள்ளே போவே."

"போறேன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அந்த மனுஷன் இந்தக் கோடை முழுக்க எங்களைக் காப்பாத்தியிருக்கான். ஒரு தாங்க்ஸ் சொல்ல விட்டிருப்பானா? பக்கத்துல போனாலே குதிரையைத் திருப்பிக்குவான். இப்பத்தான் சொல்ல ஒரு வழி கிடைச்சிருக்கு. கெடுத்துடாதே."

"உன் நன்றிக்கு நான் குறுக்கே நிக்கலை. ஆனா என் கம்பிக்கு நீ ஜெயிலுக்குப் போறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"பொய் சொல்லிடேன்மா, ஒண்ணே ஒண்ணு."

அவள் அவனுடைய கிழிந்த விரலுக்குக் கட்டுப்போட்டுவிட்டுப் போனாள்.

5

மறுநாள் மத்தியானம். கட்டு வெட்டப்பட்ட படல் ஓரமாகக் கிடக்கிறது. ஷெரிஃப், மேனேஜர் கின்னேர்ட், குதிரைமேல் டீக், டாப்னி, தள்ளி நிற்கும் குடியானவர்கள். கூப்பிடாமலே ஓர்பா வந்திருக்கிறாள்.

ஷெரிஃப் கம்பித் துண்டை உயர்த்திக் காட்டினார். "கம்பெனிக் கம்பியில முள்ளு இருக்கும். இது மொழுமொழுன்னு இருக்கு. யாரோடது?"

"என்னோடது, கல்லன் மூடி."

"படலைக் கட்டினது?"

"நான்தான். நான் உள்ளே போனேன். போனதும் சாத்திக் கட்டினேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஷெரிஃப் முகம் மலர்ந்தது. "அப்ப வேலியை யாரும் வெட்டலை. இவன் வெட்டினது உன் துணிக் கம்பியை. உனக்கு ஏதாவது புகார் உண்டா?"

"கிடையாது. எனக்காக அவன் விரலைக் கிழிச்சுக்கிட்டான்."

"முடிஞ்சுது. டாப்னி, வீட்டுக்குப் போ."

"ஒரு நிமிஷம்" என்றார் கின்னேர்ட். அவர் முட்டாள் இல்லை. "அம்மா, நீங்க வந்தப்போ இந்தப் படல் திறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?"

6

நான் பல நாள் இந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுதிய முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

முடிவு ஒன்று: "சாத்தியிருந்தது" என்று ஓர்பா சொன்னாள். எல்லோரும் பிழைத்தார்கள். (எழுதிய பின் படித்துப் பார்த்தேன். பேசியது ஓர்பா இல்லை, அவளுடைய பாவாடையைக் கட்டிக்கொண்ட நான்.)

முடிவு இரண்டு: டீக் தொண்டையைச் செருமி, "நான்தான் திறந்து—" (கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் மாடுகள் எங்கே குடிக்கும்? அவனை நல்லவனாக்கிப் பார்க்கும் ஆசையில் அத்தனை மாட்டையும் கொன்றுவிடப் பார்த்தேன்.)

முடிவு மூன்றுக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று மறைத்துவைத்தேன். குவேக்கர் கூட்டத்தில் பாதிரி இல்லை, பாட்டு இல்லை. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லத் தகுந்த வார்த்தை உள்ளிருந்து வரும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வராவிட்டால், அப்படியே எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அதுவும் முழு வழிபாடுதான்.

"திறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?" கின்னேர்ட் மறுபடி கேட்டார்.

ஓர்பா படல் இருந்த இடத்தின் ஓரத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினாள். டீக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிமிராமலே ஒரு கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

முதலில் டாப்னி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஜென்மத்தில் எந்தச் சபையிலும் வாயை மூடிக்கொண்டு இருந்தவனில்லை. பிறகு அவன் மனைவி, அடுத்த வீட்டுக்காரன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. ஷெரிஃப் ஒரு கணம் யோசித்தார். தொப்பியைக் கழற்றினார், முழங்கால் வலியோடு மெதுவாக இறங்கி அவரும் உட்கார்ந்தார். அவர்கள் யாரும் டீக்கைப் பார்க்கவில்லை. ஆனால் கோடை முழுவதும் அவன் சொல்லவிடாத நன்றியைத்தான் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது அவனுக்குப் புரிந்துவிட்டது. குதிரையைத் திருப்பிக்கொண்டு போக இந்தமுறை அவனுக்கு வழியில்லை. இறங்கினான். கடைசி ஆளாகத் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

நிற்பவர் கின்னேர்ட் ஒருவர்தான். அவருக்கு விடை தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை வைத்து அவர் என்ன செய்ய முடியும்? மறுபடி கேட்கலாம். டீக்கின் சீட்டைக் கிழிக்கலாம். இல்லாவிட்டால் அவரும் உட்காரலாம். பக்கத்தில் இடம் இருக்கிறது.

இதற்குமேல் நான் எழுதினால் யாராவது பேசியாக வேண்டும். அதனால் எழுதவில்லை. அவரை உங்களிடம் விடுகிறேன். என்ன செய்யவைப்பீர்களோ அது உங்கள் பாடு. ஒரே ஒரு வேண்டுகோள்: உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே மாடுகள் ஒவ்வொன்றாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை குடித்து முடிக்கும்வரை அவசரப்படாதீர்கள்.