தலைக்கு இரண்டு கோடு

ஆறரைக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். ரொட்டி வாட்டி நின்றபடியே தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஷெட்டுக்குப் போய் ஹீட்டரைப் போட்டேன். எட்டு மணிக்கு நண்பன் எம்லின் வெல்டிங் சாமான்களோடு வந்தான்.

வேல்ஸில் எங்கள் பக்கம் எங்களைப் போல ஏழெட்டுக் கிறுக்கர்கள் இருக்கிறோம். நாங்கள் கட்டும் பைக்கில் யாரும் ஏறி உட்கார்வதில்லை. காலை முன்னே நீட்டி, சாய்வு நாற்காலிக்குள் போவதுபோல உள்ளே இறங்க வேண்டும். தாழ்ந்த வண்டியைக் காற்று அதிகம் தடுக்காது. பெட்ரோல் மிஞ்சும், வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். ஜூன் மாதம் போட்டி: ஒரு லிட்டரில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று. ஓட்டுபவரை ஒரு பலகையை ஒட்டிச் சாய்த்துவைத்து, பக்கவாட்டில் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டுக்கு வண்டி கட்டுவோம்.

என் மனைவி நெரிஸ் ஐந்தடிதான். அதனால் அவளை வரைந்தேன். பிப்ரவரியில், வரைந்த அன்றே, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். வண்டியை அவள் பெயரில் முடிக்கலாம் என்றார்கள் எங்கள் பைக் கிளப்பில்.

எம்லின் பலகைமுன் குந்தினான்.

“டேய், தலைக்கு ரெண்டு கோடு போட்டு வச்சிருக்க. எதுடா நிஜம்?”

“கீழ இருக்கறது.”

“அதுக்குக் கட்டினா ரோடே தெரியாதேடா. வானத்தப் பாத்துக்கிட்டா ஓட்டுறது?” சிரித்தான். “நெரிஸ் பஸ்ல தூங்கினாக்கூட தலை சாயாது. அவளா இப்படி உக்காந்தா?”

“உயரத்துல நாலு சென்டிமீட்டர் மிச்சம்.”

“சரிப்பா, இஞ்சினியர் நீ. சொன்னபடி ஒட்டிடறேன்.”

குழாயை எடுத்து அளந்தான். ஜூனில் ஓட்டப்போவது அவன் தங்கை கெய்னோர். அவளும் ஐந்தடி.

“வேண்டாம், எம்லின். மேல்கோட்டுக்குக் கட்டு.”

“அப்ப இது என்ன?”

எழுந்திருக்கும்போது விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவனிடமும்.

“அவ எழுந்துக்கவே இல்ல” என்றேன்.

காலையிலிருந்தே தலைவலி என்றாள். அசையாதே என்றேன். மேல்கோட்டை வரைந்தேன். பிறகு அவள் தலை மெல்ல இறங்கியது. ஒருவழியாக உடம்பைத் தளர்த்திவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். ரப்பரைத் தேடாமல் கீழேயே இன்னொரு கோடு போட்டேன். தோள், முழங்கால், பாதம் எல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

எம்லின் குழாயைக் கீழே வைத்தான்.

“ஏதாச்சும் சொன்னாளா?”

அவள் அம்மாவிடம், கடைசியாக என் பெயரைச் சொன்னாள் என்று சொல்லியிருந்தேன். இவனிடமும் அதுதான் வாய்வரை வந்தது.

“மேல்கோட்டை முடிச்சதும் கேட்டா” என்றேன். “‘வரைஞ்சாச்சா? நான் எழுந்துக்கட்டுமா?’”