ஆளுக்கொரு எழுத்து, கடைக்கு ஒரே அளவு

தையல் கடைகளுக்கான அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஒரு வீட்டின் மருமகளும் அவளுடைய நாத்தனாரும். நாத்தனாரை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டர். பகலில் அண்ணி உட்காருவாள், சாயங்காலம் கொசு. புரோகிராம், வாடிக்கையாளர்களின் அளவுகள், எழுத்தின் அளவு, திரையின் நிறம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தார்கள். நகலெடுத்துக் கடைக்காரரிடம் கொடுப்பது சுலபமாக இருந்தது. ஆனால் ஒருத்தி மாற்றியது மற்றவளுக்கும் மாறிவிடும்.

"எழுத்தா அண்ணி இது? பூசணிக்காய் மாதிரி இருக்கு."

"நீ வெக்கிற எறும்பை எல்லாம் என்னால படிக்க முடியாதும்மா."

வருடங்கள் ஓடின. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணி மாடி ஏறுவதை விட்டுவிட்டாள். கொசு தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் நாடக உடை தைக்கும் தையல்காரர் போன் செய்தார். "உங்க புரோகிராமால என் குடும்பமே ரெண்டாயிடும் போலிருக்கும்மா."

கொசு கடைக்குப் போனாள். புதுக் கம்ப்யூட்டர். அதில் தையல்காரர் தன் பெயரிலும் மனைவி அவள் பெயரிலும் நுழைந்து வேலை செய்தார்கள். ராஜா வேஷக்காரரின் மார்பளவைத் திருத்தியதாக அவர் சத்தியம் செய்தார். மனைவி பார்த்தபோது பழைய அளவுதான் இருந்தது. அதை வைத்துத்தான் துணியை வெட்டினாள். ராஜாவுக்குப் பித்தான் மாட்டவில்லை.

"திருத்தவே இல்லைங்க. திருத்தினேன்னு வாய் கூசாம சொல்றாரு" என்றாள் மனைவி.

கொசு தோண்டிப் பார்த்தாள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் புதுக் கம்ப்யூட்டர் யாரையும் எதையும் எழுத விடாது. பழைய மென்பொருள் நின்றுபோகாமல் இருக்க, ஒவ்வொருவர் செய்த மாற்றத்தையும் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் தனித்தனி நகலில் ஒளித்து வைத்திருந்தது. ஒரு கடைக்குள் இரண்டு கணக்கு.

"ரெண்டு பேருமே பொய் சொல்லலை" என்றாள்.

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணி மாடி ஏறி வந்தாள்.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தப்ப நமக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருந்தோம் அண்ணி. சரி, சொல்லுங்க. எழுத்தோட அளவு யாரோடது?"

"உக்காந்திருக்கிறவங்களோடது."

"ராஜாவோட மார்பளவு?"

"அது கடையோடது."

அங்கேயே வேலை தொடங்கிவிட்டது. எழுத்தளவு, நிறம் போன்ற விருப்பங்கள் அவரவர் ஃபோல்டருக்குப் போயின. அளவுகள் எல்லோரும் திறந்து திருத்தக்கூடிய பொது இடத்துக்கு. அளவுகளை வைத்துப் புரோகிராம் வரையும் வெட்டுப் படங்கள், அழிந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், தற்காலிக இடத்துக்கு. சிதறிய பழைய நகல்களைச் சேர்க்கும் பகுதியை அண்ணியே எழுதினாள். இரண்டு நகலிலும் அளவு வேறாக இருந்தால் இரண்டையும் திரையில் காட்டச் செய்தாள்.

"மெஷின் தீர்ப்பு சொல்ல வேணாம். புருஷன் பெண்டாட்டி உக்காந்து பேசிக்கட்டும்."

சோதிக்க இரண்டு பெயர்களில் நுழைந்து பார்த்தார்கள். அண்ணி தன் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கொசு தன் பெயரில் திறந்தாள். எல்லாம் அவளுக்குப் பிடித்தபடியே சின்னதாக இருந்தது. சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் என்னவோ போலிருந்தது. அந்த நாட்களில் திரையைத் திறந்ததும் அந்தப் பெரிய எழுத்துகளே, அண்ணி இப்போதுதான் எழுந்து போனாள் என்று சொல்லிவிடும்.

புதிய பதிப்பைப் போட்ட பிறகு தையல்காரர் போன் செய்தார். பட்டியலில் இருந்த அத்தனை பேரின் அளவையும் இருவரும் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டார்களாம். நடுவில் சண்டை வந்ததாம், ஆனால் வேறு விஷயத்துக்கு.

அண்ணி கீழே இறங்கப் போனவள் நின்றாள்.

"அச்சடிக்கிற பகுதியும் பழசாத்தானே இருக்கு?"

"ரொம்பப் பழசு அண்ணி."

"நாளைக்கு மத்தியானம் நான் சும்மாதான் இருப்பேன்."

"வாங்க" என்றாள் கொசு. "மத்தியானம் மாடி வேகும், ஜன்னலைத் திறந்து வெக்கிறேன்."