சாப்பிடாத மூன்று வீடுகள்

தொண்ணூறு மூட்டை பருப்பு எங்கே போனதென்று எனக்குப் பிடிபடவில்லை.

கணக்கு எளிது. நோய் பரவத் தொடங்கியதும் வந்த அவசரச் சட்டப்படி, மொத்த வியாபாரி நூறு மூட்டைக்கு மேல் இருப்பு வைக்கக்கூடாது. மிஞ்சியதை எங்கள் வழங்கல் துறை பறிமுதல் செய்து, அந்தக் கிடங்கு வாசலிலேயே கட்டுப்பாட்டு விலைக்கு விற்கும். நான் அந்தத் துறையில் ஆய்வாளர். ஊரின் பெரிய பருப்பு மொத்த வியாபாரியைத் தராசுக்காரர் என்பார்கள்; திங்களன்று அவர் கிடங்கில் எண்ணினேன், நூறு. அந்த வாரம் நூற்றிருபது மூட்டை லாரியில் வந்ததாகச் சோதனைச் சாவடிப் பதிவேடு சொன்னது. கடைகளுக்குப் போனது முப்பது. சனிக்கிழமை நூற்றுத்தொண்ணூறு இருக்க வேண்டும். எண்ணினேன், அதே நூறு.

மூட்டை எண்ணும்போது வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெருக்கினால் ஏமாந்துவிடுவோம். நடுவில் குறுக்கே செருகியிருப்பார்கள். அதனால் ஏணி போட்டு, வரிசை வரிசையாக இறக்கச் சொல்லி எண்ணினேன். ரகசிய அறை இருக்குமோ என்று கிடங்கின் உள்ளளவையும் வெளியளவையும் நாடாவால் அளந்தேன். வித்தியாசம் சுவரின் கனம்தான்.

"மேடம், நான் முழுங்கிட்டேன்னு சந்தேகமா இருந்தா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க" என்று தராசுக்காரர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். வெளியே ஒரு கிலோவுக்காக மூன்று மணி நேரமாக நின்ற வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த திங்களன்று பொதுச் சமையற்கூடத்தின் இருப்பைப் பார்க்கப் போனேன். நோய் கண்ட வீடுகளுக்கு அங்கிருந்துதான் சாப்பாட்டுப் பொட்டலம் போகிறது. சமையல்கார அம்மா கரண்டியும் கையுமாகப் புலம்பினார்.

"தராசுக்காரர் கிடங்குக்குப் பின்னால சந்துல மூணு வீடும்மா. சிவப்புத் தாள் ஒட்டி எட்டு நாளாச்சு. பொட்டலம் வைக்கட்டுமான்னு கேட்டனுப்பினா உள்ளேருந்து சத்தமே இல்ல. காய்ச்சல்ல வாய் கசக்கும்தான். அதுக்காக மூணு குடும்பமுமா பட்டினி கிடக்கும்?"

சிவப்புத் தாள் ஒட்டிய கதவை இருபத்தொரு நாள் யாரும் திறக்கக்கூடாது. சுகாதாரத் துறை ஆள் தவிர வேறு யார் நுழைந்தாலும் சிறை. போலீஸுக்கும் அதேதான், எனக்கும் அதேதான்.

சந்துக்குப் போனேன். கிடங்கின் பின்கதவிலிருந்து இருபது அடி. மூன்று தாளிலும் ஒரே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நாய்வால் மாதிரி சுருண்டிருந்தது. சின்ன வயதில் அந்த வாலுக்காக நான் எத்தனையோ தடவை குட்டியிருக்கிறேன். என் தம்பி சுகாதாரத் துறையில் தாள் ஒட்டும் தற்காலிக ஊழியன்.

போன வாரம் அவன் பத்து கிலோ பருப்பு கொண்டுவந்து வைத்தான். "ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்கக்கா" என்றான். எந்த ஆபீஸும் கொடுக்காது என்று என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் நான் கேட்கவில்லை. வேகவைத்தேன்.

மதியம் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, தராசுக்காரர் மூட்டையை ஒளிக்கத்தான் ஆளில்லாத வீடுகளில் தாள் ஒட்டினாயா என்று கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"நோய் போனா என்னையும் போன்னு சொல்லிடுவாங்க. அப்ப நீயா சோறு போடுவ?"

"போட்டிருக்கேன்டா. உன்னப் படிக்க வச்சதே நான்தான்."

"அதான் நல்லா படிச்சிருக்கேன். உன் சட்டம் மூட்டைய எண்ணும், என் சட்டம் கதவ மூடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. அந்தக் கதவைத் தொட்டா நீதான் ஜெயிலுக்குப் போவ." எழுந்தவன் அடுப்பைப் பார்த்தான். "நீ தின்ன பருப்பு மட்டும் செரிச்சிடுச்சாக்கா?"



அவன் போனபின் இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். நாலாவது வாசிப்பில் சுகாதாரச் சட்டத்தின் ஒரு வரி கண்ணில் பட்டது. சிவப்புத் தாள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லி எந்த அரசு ஊழியரும் விண்ணப்பிக்கலாம்.

வழி இதுதான். நான் கதவைத் திறக்க வேண்டியதில்லை. மூன்று வீட்டுக்கும் பரிசோதனை கேட்டு எழுதினால், மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பவர் உள்ளே போவார். அவருக்கு அனுமதி உண்டு. உள்ளே மூக்கு எதுவும் இருக்காது. அவர் படிவத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதியாக வேண்டும். ஆள் இல்லாத வீடு நோய் வீடு அல்ல. தாள் அப்போதே செல்லாது. அது வெறும் கிடங்கு. கிடங்குக்குள் நான் போகலாம், எண்ணலாம், எடுக்கலாம்.

விண்ணப்பத்தில் தாள் ஒட்டியவர் பெயர் கேட்டிருந்தது. தம்பியின் பெயரை முழுதாக எழுதினேன். பறிமுதல் பட்டியலில் தொண்ணூறு மூட்டைக்கு இடம் விட்டு, அதன் கீழே என் வீட்டு முகவரியைப் போட்டு, டப்பாவில் மிச்சமிருந்த பருப்பை நிறுத்து எழுதினேன்: நாலு கிலோ.